பாடம் முதலில், புரொஜெக்டர் பிறகு: வகுப்பறையில் தொழில்நுட்பத்தைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் சில ஆண்டுகளாகப் புரொஜெக்டரும் மடிக்கணினியும் கைப்பேசியும் வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களின் வகுப்புகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். வகுப்பு குலையும்போதெல்லாம் பெரும்பாலும் வேலைகளின் வரிசை மாறியதே காரணமாக இருந்தது. கருவியை முதலில் எடுத்து, காணொளியைப் பிறகு தேடி, பாடத்தைக் கடைசியில் அதனுடன் ஒட்டவைத்தால் நாற்பது நிமிடமும் ஒயரோடு போய்விடும். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரே பாடத்தை, அதாவது ஆறாம் வகுப்புக் கணக்கில் வரும் சுழல் சமச்சீர்த் தன்மையை (மையத்தைச் சுற்றிச் சுழற்றும்போது ஒரு வடிவம் தன்னோடு மீண்டும் பொருந்துவதை), எடுத்துக்காட்டாக முழுவதும் வைத்துக்கொள்கிறேன்.

முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

மடிக்கணினி, புரொஜெக்டர், இரண்டு எச்.டி.எம்.ஐ. கேபிள்கள், பத்து மீட்டர் நீளமுள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒயர் வழியாக இணைக்கக்கூடிய சிறிய ஸ்பீக்கர், பென் டிரைவ், ரிமோட்டுக்கு மாற்று பேட்டரி ஆகியவை வேண்டும். கேபிளில் இரண்டு கேட்பது ஆடம்பரம் அன்று; வகுப்பில் முதலில் பழுதாகும் பொருள் அதுதான், அதுவும் நுனியில் உள்ள முனையில்தான் பழுதாகும். ஸ்மார்ட் போர்டு பொருத்தியிருக்கும் அறையில் இவற்றுள் பாதி தேவைப்படாது என்றாலும், படிகளின் வரிசை மாறாது.

கைப்பேசித் திரையை நேராகப் புரொஜெக்டரில் காட்டிவிடலாம் என்ற எண்ணத்தில் டைப்-சி மாற்றி வாங்கி வருபவர்கள் பலர். விலை குறைந்த கைப்பேசிகளில் பெரும்பாலானவை டைப்-சி துளை வழியாகப் படத்தை வெளியே அனுப்புவதில்லை. துளை பொருந்துவதாலேயே வேலை செய்யும் என்று நம்பிவிடக் கூடாது. கடையில் உங்கள் கைப்பேசியையே செருகிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

பழைய கட்டடத்தில் நடக்கும் பள்ளியாக இருந்தால் பிளக் பாயின்ட்டில் எர்த் இணைப்பு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மடிக்கணினியின் உலோக மேற்பரப்பைத் தொடும்போது விரலில் சுரீரென்று மெல்லிய அதிர்வு தெரிந்தால், எர்த் இல்லை என்று பொருள் கொள்ளலாம். பிள்ளைகள் கை வைக்கப்போகும் கருவிக்கு இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவது தகாது.

1. பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

பாடத்தின் தலைப்பை எழுதினால் போதாது. சென்ற ஆண்டின் விடைத்தாள்களையும் நோட்டுகளையும் எடுத்துப் பார்த்து, தவறு எந்த இடத்தில் குவிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றில் வடிவம் தன்னோடு எத்தனை முறை பொருந்துகிறதோ அதுவே அதன் சுழல் சமச்சீர் வரிசை. என் வகுப்பில் கிடைத்த வாக்கியம் இது: “சதுரமான ஓடு என்றாலே சுழல் சமச்சீர் வரிசை 4 என்கிறார்கள், உள்ளே இருக்கும் கோலத்தைப் பார்ப்பதில்லை.”

இந்த வாக்கியம் இல்லாமல் காணொளி தேடப் போனால், ‘சமச்சீர்’ என்ற சொல்லுக்குக் கிடைக்கும் அழகான படங்கள் அனைத்தும் பொருத்தமாகவே தோன்றும். வண்ணத்துப்பூச்சியும் தாஜ்மகாலும் வரும், பிள்ளைகள் ரசிப்பார்கள், மறுநாளும் சதுரம் என்றால் 4 என்றுதான் எழுதுவார்கள். வாக்கியம் கையில் இருந்தால் வெளிவடிவம் மாறாமல் உள்கோலம் மட்டும் மாறுவதைக் காட்டும் ஒன்றே நமக்குத் தேவை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

2. அந்த இடத்துக்குப் போதுமான மிகச் சிறிய கருவியைத் தேர்ந்தெடுங்கள்

கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, அறைக்குள் அடங்காத அளவு பெரியது, வகுப்பு நேரத்துக்குள் முடியாத அளவு மெதுவானது, கண்ணால் பின்தொடர முடியாத அளவு வேகமானது, தொட்டால் ஆபத்தானது: இவற்றுக்குத் திரை தேவைப்படுகிறது. நிலவின் பிறைகள் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 29.5 நாட்கள் ஆகும். வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் அதே சுற்றை இரண்டு நிமிடத்தில் ஓட்டிக் காட்டலாம். மின்சுற்றில் எலக்ட்ரான் நகர்வதைக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்னும் பாவனைக் (சிமுலேஷன்) கருவியில் காட்டலாம். அதன் பாவனைகளுள் பல தமிழிலேயே கிடைக்கின்றன.

மாறாக, இலையின் நரம்பமைப்புக்குத் திரை எதற்கு? வாசலில் வேப்ப மரம் நிற்கிறது. பரிதிக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் காட்டச் சத்துணவுக் கூடத்துத் தட்டும் அதைச் சுற்றிவரும் அளவு நூலும் போதும். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருளைப் படமாகக் காட்டுவது கற்பித்தலைக் குறைக்கிறது என்பதே என் கருத்து.

பலர் மறந்துவிடும் எளிய பயன் ஒன்று உண்டு. ஒரு மாணவி நோட்டில் போட்ட கணக்கைக் கைப்பேசியில் படம் எடுத்து, பெயரை மறைத்துத் திரையில் காட்டி, “இதில் எந்த வரியில் வழி மாறியது?” என்று கேட்பதற்கு எந்த மென்பொருளும் வேண்டியதில்லை. நான் பார்த்தவற்றுள் வகுப்பை அதிகம் பேசவைத்தது இதுதான்.

எடுத்துக்காட்டுப் பாடத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது வடிவியல் வரையும் ஜியோஜீப்ரா மென்பொருளும் செட்டிநாட்டுத் தரை ஓடான ஆத்தங்குடிக் கல்லின் படமும். படத்தைக் கோணம் கோணமாகச் சுழற்றிக் காட்டுவதைக் கரும்பலகையில் செய்ய முடியாது, அதற்காகவே கருவி.

3. அறையைப் பாடவேளை வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள்

முதல் நாள் மாலையில் புரொஜெக்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு, படம் பளிச்சென்று விழுந்தது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவது அடிக்கடி நடக்கும் தவறு. மறுநாள் காலை பதினொரு மணிக்கு அதே அறையில் ஒன்றும் தெரியாது. எந்தப் பாடவேளையில் நடத்தப்போகிறீர்களோ அதே நேரத்தில் சோதியுங்கள்.

நம் பகுதியில் நகரத்தார் கட்டிக்கொடுத்த பழைய கட்டடங்களில் நடக்கும் பள்ளிகள் பல. அவற்றில் வகுப்பு பெரும்பாலும் முற்றத்தைச் சுற்றிய வளவுத் தாழ்வாரத்திலோ நீண்ட பட்டாலைக் கூடத்திலோ நடக்கும். முற்றத்து வெளிச்சம் பாடம் படிப்பதற்கு நல்லது, திரைக்குப் பகை. முற்றத்தைப் பார்த்த சுவரில் திரையைக் கட்டினால் வெளிச்சம் முழுவதும் திரைமேல் விழும். திரைக்குப் பின்னால் முற்றம் வரும்படி கட்டினால் பிள்ளைகளின் கண் கூசும். முற்றத்துக்குச் செங்குத்தாக உள்ள பக்கச் சுவரில், உள்மூலையை ஒட்டிக் கட்டுவதே சரி.

சுவரிலேயே படத்தைப் பாய்ச்சலாமே என்று தோன்றும். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுப் பூச்சு கண்ணாடிபோல் பளபளக்கும். அதில் புரொஜெக்டரின் ஒளி ஓரிடத்தில் வட்டமாகத் தெறித்து, அந்த இடத்தில் உள்ள எழுத்தை விழுங்கிவிடும். பளபளப்பில்லாத வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்துத் தைத்து, கீழ் ஓரத்தில் ஒரு மூங்கில் கழியைச் செருகித் தொங்கவிடுங்கள். ஒற்றைத் துணியாக இருந்தால் ஒளி ஊடுருவிப் படம் மங்கும்; கழி இல்லையென்றால் காற்றில் துணி அலைந்து எழுத்தும் அலையும்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. கடைசி பெஞ்சுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை ஆறால் வகுத்தால் படத்தின் குறைந்தபட்ச உயரம் கிடைக்கும். 24 அடி என்றால் 4 அடி. சாதாரணப் புரொஜெக்டரைத் திரையிலிருந்து பத்தடி தள்ளி வைத்தால் ஏறக்குறைய ஆறடி அகலத்துக்குப் படம் விழும், அதன் உயரம் இந்தக் கணக்குக்கு ஏறத்தாழச் சரியாக வரும். எழுத்தின் அளவுக்குச் சூத்திரம் வேண்டாம். கடைசி பெஞ்சில் நீங்களே உட்கார்ந்து, கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

புரொஜெக்டரைத் தரையில் வைத்துப் புத்தகம் முட்டுக்கொடுத்து மேல்நோக்கிச் சாய்த்தால், படத்தின் மேல் விளிம்பு விரிந்து சதுரம் சரிவகமாகிவிடும். மற்றப் பாடங்களில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். வடிவியல் பாடத்தில் பொறுக்கவே கூடாது. மேசைமேல் ஏற்றித் திரையின் நடுவுக்கு நேராக வைத்து, மிச்சம் இருக்கும் கோணலை மட்டும் கீஸ்டோன் அமைப்பால் சரிசெய்யுங்கள். பிறகு திரையில் விழும் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களையும் அளவு நாடாவால் அளந்து பார்த்துவிடுங்கள்.

உயர்ந்த கூரையும் கல் தரையும் சேர்ந்த அறையில் ஒலி எதிரொலித்துச் சொல் குழம்பும். ஒலியைக் கூட்டக் கூட்ட எதிரொலியும் கூடும் என்பதால், ஸ்பீக்கரைத் திரைக்கு அருகில் வைக்காமல் பிள்ளைகளின் நடுவில் வைத்து, ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

4. இணையத்தையும் எழுத்துருவையும் நம்பிப் போகாதீர்கள்

வகுப்பு நடக்கும்போது எதையும் பதிவிறக்கும் நிலை வரக் கூடாது. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள விரைவுத் துலங்கல் (கியூ.ஆர்.) குறியீடுகளை அரசின் கற்றல் செயலியான திக்ஷாவால் ஸ்கேன் செய்து, கிடைக்கும் காணொளியைச் செயலியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஃபெட் பாவனைகளையும் தனித்தனிக் கோப்பாக இறக்கலாம். பிறகு இணையம் இல்லாமலே உலாவியில் திறக்கும். ஜியோஜீப்ராவைக் கணினியில் நிறுவிவிட்டால் அதற்கும் இணையம் வேண்டியதில்லை. யூடியூபை நேராகத் திறந்து காட்டுவதில் வேகக் குறைவைவிடப் பெரிய சிக்கல் விளம்பரம். எது வரும் என்று நமக்குத் தெரியாது, ஆறாம் வகுப்பின் முன்னால் அதைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம்.

பத்து நிமிடக் காணொளியை முழுதாக ஓட்டாதீர்கள். தேவையான இரண்டு நிமிடம் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்று துண்டுச் சீட்டில் குறித்து வைத்துக்கொண்டு, நடுவில் ஒருமுறையாவது நிறுத்தி, “அடுத்து என்ன ஆகும்?” என்று கேளுங்கள். விடை சொல்லிவிட்டுப் பார்க்கும் பிள்ளை வேறு மாதிரி பார்க்கும்.

எழுத்துருவுக்கு வருகிறேன். ஒருமுறை நான் வீட்டில் வானவில் எழுத்துருவில் இருபது சிலைடுகள் தட்டச்சு செய்து, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய், பள்ளிக் கணினியில் திறந்தபோது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிய குப்பைதான் திரையில் விழுந்தது. நாற்பது பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்; சிரிக்காமல் என்ன செய்வார்கள்? வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு நிறுவப்படாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலமே தெரியும். யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். விண்டோஸில் உள்ள லதா, நிர்மலா எழுத்துருக்கள் யூனிகோடு வகையைச் சேர்ந்தவை. அப்படிச் செய்த பிறகும் ஒரு பி.டி.எஃப். படி எடுத்து வையுங்கள், ஏனெனில் பி.டி.எஃப். கோப்பு எழுத்துருவைத் தன்னுள்ளேயே சுமந்துகொண்டு வரும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் வினாத்தாள் கேட்டு வாங்குவது இப்போது பெருகியிருக்கிறது. கணக்கில் எண்களை மாற்றிப் பத்துக் கேள்வி தயாரிக்க அது உதவும். அப்போதும் விடைகளை நீங்களே போட்டுப் பாருங்கள். தமிழ் இலக்கணத்திலும் செய்யுளிலும் அதன் விடையை ஒருபோதும் அப்படியே எடுக்க வேண்டாம். இல்லாத பாடலை இருப்பதுபோல் எழுதிக் கொடுக்கும்.

5. பாடத்தை நடத்துதல்: ஆத்தங்குடிக் கல்லும் சுழற்சியும்

கண்ணாடித் தகட்டின்மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் குழம்பை அறை அறையாக ஊற்றிச் செய்யும் ஆத்தங்குடிக் கல்லை இப்பகுதிப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன்மேல் தவழ்ந்து வளர்ந்தவர்கள். பல கற்களில் ஒரு மூலையில் கால்பூ மட்டும் இருக்கும். நான்கு கற்களைச் சேர்த்தால்தான் பூ முழுமையாகும். முதல் படியில் எழுதிய வாக்கியத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குக் கிடைக்கவில்லை.

படம் எடுக்கும்போதே கவனம் வேண்டும். முதல் முறை நின்ற இடத்திலிருந்து சாய்வாகக் கைப்பேசியை நீட்டி நான்கு கல் தொகுதியை ஒரு படம் எடுத்தேன். தொகுதி சரிவகமாக விழுந்திருந்தது, சிறிய திரையில் அது தெரியவில்லை. வகுப்பில் 90 பாகை சுழற்றியபோது படமும் படமும் பொருந்தாமல் விலகி நிற்க, “அப்ப இதுக்குச் சமச்சீரே இல்லையா சார்?” என்று முன்வரிசைப் பையன் கேட்டான். அவன் கண்ணால் கண்டதைத்தான் கேட்டான். கைப்பேசியைக் கல்லின் நடுவுக்கு நேர் மேலே, தரைக்கு இணையாகப் பிடியுங்கள். கேமராவில் கட்டக் கோடுகளை இயக்கி, கல்லின் விளிம்பு கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மிக அருகில் போகாமல் சற்று உயரத்திலிருந்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் விளிம்பு வளைவதும் குறையும். ஒற்றைக் கல்லுக்கு ஒரு படம், நான்கு கற்களின் தொகுதிக்கு ஒரு படம் என இரண்டு எடுத்து, கல்லின் விளிம்போடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜியோஜீப்ராவில் வேலையை முதல் நாளே முடித்துக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். அச்சுக் கோடுகளை மறைத்துவிட்டுப் படத்தைச் செருகினால், கீழ் மூலைகளில் இரண்டு புள்ளிகள் தோன்றும். அவற்றை இழுத்து அளவைச் சரிசெய்யலாம். கல்லின் நான்கு மூலைகளிலும் புள்ளி வைத்து, மூலைவிட்டங்கள் இரண்டையும் வரைந்து, அவை வெட்டும் இடத்தை மையமாகக் கொள்ளுங்கள். மையத்தைக் கண்மதிப்பில் வைக்கக் கூடாது. சிறிது விலகினாலும் சுழன்ற படம் பொருந்தாது. அடுத்து கோணத்துக்கான நழுவுபட்டை (ஸ்லைடர்) ஒன்றை 0 முதல் 360 பாகை வரை அமைத்து, அதன் பிறகே ‘புள்ளியைச் சுற்றிச் சுழற்று’ என்ற கருவியை எடுத்து, படம், மையம் என்ற வரிசையில் சொடுக்கிக் கோணத்தின் இடத்தில் நழுவுபட்டையின் பெயரைக் கொடுங்கள். நழுவுபட்டையை முதலில் உருவாக்காவிட்டால் கொடுக்கப் பெயர் இருக்காது; புதியவர்கள் நின்றுபோகும் இடம் இது. கடைசியாகச் சுழலும் படத்தின் ஒளிபுகாமையைப் பாதியாகக் குறைத்துவிட்டால், அடியில் உள்ள படமும் சேர்ந்து தெரியும்.

வகுப்பில் கணினியை உடனே திறக்க வேண்டாம். கால்பூக் கல்லின் அச்சுப்படியையும் ஒரு பட்டர் பேப்பரையும் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, படியெடுத்துச் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போகட்டும். கையால் சுழற்றிய அனுபவம் இல்லாத பிள்ளைக்குத் திரையில் சுழல்வது வெறும் காட்சியாகவே இருக்கும். இந்தப் பத்து நிமிடத்தை நேரக் குறைவைக் காட்டிப் பல ஆசிரியர்கள் வெட்டிவிடுகிறார்கள். வெட்டுவதாக இருந்தால் திரையை வெட்டுங்கள் என்பேன்.

பிறகு திரையில் நான்கு கல் தொகுதியைக் காட்டி, நழுவுபட்டையை மெதுவாக நகர்த்துங்கள். படம் படத்தோடு பொருந்தும் கணத்தில் “நிறுத்துங்க!” என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும் என்பதே விதி. 90, 180, 270, 360 என நான்கு நிறுத்தங்கள் வரும். அடுத்து ஒற்றைக் கல்லைக் காட்டுங்கள். 90 பாகையில் சிலர் பழக்கத்தில் நிறுத்தச் சொல்வார்கள். வெளிச்சதுரம் பொருந்தியிருக்கும், கால்பூ வேறு மூலைக்குப் போயிருக்கும். அங்கே கையை எடுத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். யாராவது ஒரு பிள்ளை “பூ அங்க இல்லையே டீச்சர்” என்று சொல்லும் வரை நீங்கள் விளக்கக் கூடாது. 360 வரை போய் ஒரே ஒரு நிறுத்தம் கிடைத்த பிறகு, வரிசை 1 என்றால் சுழல் சமச்சீர் இல்லை என்பதைப் பலகையில் எழுதுங்கள்.

பலகையில் எழுதியது பாடவேளை முடியும் வரை இருக்கும், திரையில் காட்டியது அடுத்த சிலைடில் மறைந்துவிடும். ஆகவே வரையறையும் விடையும் பலகைக்கு, அசைவு திரைக்கு என்று பிரித்துக்கொள்வது நல்லது. திரைத் துணியால் பலகையை மூடிவிடாதபடி கட்டுங்கள்.

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் பிள்ளைகளே செய்வதாக இருந்தால், ஒரு கணினிக்கு மூவரை உட்காரவைத்து, ஒருவர் மவுஸ் பிடிக்க, ஒருவர் கேள்வியைப் படிக்க, ஒருவர் நோட்டில் எழுத வேண்டும் என்று பிரித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்து மாற்றுங்கள். மணி இல்லாவிட்டால் மவுஸ் கடைசி வரை ஒரே பையன் கையில்தான் இருக்கும். மாணவிகள் பெரும்பாலும் எழுதும் வேலையிலேயே முடிந்துபோவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

6. எல்லாப் பிள்ளைகளின் விடையையும் ஒரே நேரத்தில் வாங்குங்கள்

“புரிஞ்சுதா?” என்று கேட்டால் “புரிஞ்சுது சார்” என்று ஒரே குரலில் வரும், அதனால் ஒன்றும் தெரியாது. நான்கு விடைகள் கொண்ட ஒரு கேள்வியைத் திரையில் போட்டு, நான்கு வண்ண அட்டைகளில் ஒன்றை அனைவரும் ஒரே நேரத்தில் நெஞ்சருகே உயர்த்திக் காட்டச் செய்யுங்கள். தலைக்கு மேல் உயர்த்தினால் பக்கத்து அட்டையைப் பார்த்து நிறம் மாறும்.

கைப்பேசியும் இணையமும் இருந்தால் பிளிக்கர்ஸ் அட்டைகளைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வடிவம் அச்சிட்ட ஓர் அட்டை. எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுவே விடை. ஆசிரியரின் கைப்பேசி ஒன்று மட்டும் போதும், அதன் கேமராவை வகுப்பின் குறுக்கே நகர்த்தினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்பது பதிவாகிவிடும். பளபளக்கும் லாமினேஷன் போட்டால் வெளிச்சம் பட்டு அட்டை படிக்கப்படாது. விரல் வடிவத்தின்மேல் பட்டாலும் படிக்கப்படாது. கெட்டி அட்டையில் ஒட்டி, ஓரத்தைப் பிடிக்கப் பழக்குங்கள்.

விடைகள் வந்ததும் சரியான விடையைச் சொல்லிவிட வேண்டாம். ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மேசூர் 1990களில் வளர்த்தெடுத்த முறை இங்கே உதவுகிறது. சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 30 முதல் 70 வரை இருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசி மறுபடியும் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். நாற்பது பேர் வகுப்பில் இது 12 முதல் 28 பேர். அதற்குக் கீழே என்றால் பேசுவதற்கே சரக்கு இல்லை, திரும்ப நடத்த வேண்டும். மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

7. வீட்டுக்கு அனுப்பும் வேலையை வீட்டுக் கைப்பேசியின் நிலை அறிந்து கொடுங்கள்

அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, வீட்டில் ஒரே கைப்பேசி அம்மாவிடம் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். இரவு எட்டு மணிக்கு அப்பாவின் அழைப்பு வரும் நேரத்தில் பிள்ளை காணொளி பார்க்க முடியாது. வாட்ஸ்அப்பில் கொடுக்கும் வேலைக்கு மறுநாள் கெடு வைக்காமல், சனி ஞாயிறு சேர்த்து மூன்று நாள் கொடுங்கள். கைப்பேசியே இல்லாத பிள்ளைக்கு அதே வேலையை நோட்டில் செய்யும் வழியும் இருக்க வேண்டும்.

தமிழ்ப் பாடத்துக்கு நான் கொடுக்கும் ஒரு வேலை: அப்பத்தாவிடம் ஓலைக் கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னுவதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்லிக் குரல் பதிவு செய்ய வேண்டும், பிறகு அதை ஓடவிட்டு, கேட்டுக் கேட்டுத் தானே குரல்வழித் தட்டச்சில் சொல்ல வேண்டும். செயலி ஒற்றெழுத்துகளை விழுங்கும், வட்டாரச் சொற்களை வேறு சொல்லாக்கும். அந்தப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திக்கொண்டு வருவதுதான் உண்மையான வீட்டுப்பாடம். வல்லினம் மிகும் இடங்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்த பிள்ளைகளைவிட, செயலியின் தவறைப் பிடித்த பிள்ளைகள் அவற்றை நன்றாகச் சொன்னார்கள்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களையும் மதிப்பெண் பட்டியலையும் குழுவில் போடாதீர்கள். 2023ஆம் ஆண்டு எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தையே. அவர் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. பிள்ளைகள் பெயரில் கணக்குத் தொடங்கச் சொல்லும் செயலி எதுவானாலும், முதலில் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பிளிக்கர்ஸில்கூடப் பெயருக்குப் பதிலாக வரிசை எண்ணைக் கொடுத்தால் போதும்.

8. மின்சாரம் நின்றால் எங்கிருந்து தொடர்வது என்று எழுதி வையுங்கள்

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை முன்பே அறிவிக்கப்படும். அந்த நாளில் திரைப் பாடத்தை வைக்காமல் இருக்க நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அறிவிக்காமல் போகும் மின்சாரத்துக்குப் பாடக்குறிப்பின் ஓரத்திலேயே ஒவ்வொரு படிக்கும் மாற்றை எழுத வேண்டும். எங்கள் பாடத்தில் அது எளிது: பட்டர் பேப்பரை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள், கீழே கற்கள் இருந்தன. மின்சாரம் வருமா என்று ஐந்து நிமிடம் காத்திருப்பதே பெரிய தவறு. வகுப்பு கலைந்தபின் அதை மீண்டும் கூட்டப் பத்து நிமிடம் ஆகும்.

9. மணி அடித்த பிறகு

விளக்கு வகைப் புரொஜெக்டரை ரிமோட்டில் அணைத்துவிட்டு, உள்ளே விசிறி ஓடி நிற்கும் வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். சூடு வெளியேறாமல் நின்றால் விளக்கின் ஆயுள் குறையும். அடுத்த வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டுவதைத்தான் எல்லாரும் செய்கிறோம். பொறுப்பான இரண்டு பிள்ளைகளிடம் விசிறி நின்றதும் வந்து சொல்லும் வேலையைக் கொடுத்துவிட்டால், சுவிட்சை அணைப்பதும் ஒயரைக் கழற்றுவதும் நம் வேலையாக இருக்கும், அவசரமும் இராது.

அன்றைக்கே, நினைவு மங்குவதற்கு முன், பாடக்குறிப்பின் கீழே மூன்று வரி எழுதுங்கள்: எந்த நிமிடத்தில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள், எந்தக் கேள்விக்கு அட்டைகள் பிரிந்தன, எந்த ஒயர் தகராறு செய்தது. கோப்பின் பெயரில் வகுப்பையும் பாடத்தையும் தேதியையும் சேர்த்துச் சேமித்து, பென் டிரைவில் ஒன்றும் பள்ளிக் கணினியில் ஒன்றுமாக வையுங்கள். ‘புதியது’, ‘புதியது 2’, ‘கடைசி’, ‘கடைசி சரியானது’ என்று பெயரிட்ட கோப்புகளில் எது எது என்று அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் உங்களுக்கே தெரியாது.